பூல் நிரம்பினால்: எண்ணைக் கூட்டுவதா, பவுன்சர் வைப்பதா, நிரலைத் திருத்துவதா?

ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்கிற யாரும் இந்த வரியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். கனெக்ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிநொடி காத்திருந்தாகிவிட்டது என்று லாக்கில் வரும். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்துவைத்து, கேட்பவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளும் ஹிகாரிசிபி (சுருக்கமாக ஹிகாரி) புதிய பதிப்பாக இருந்தால் கூடவே நான்கு எண்களும் இருக்கும்: மொத்தம் 10, வேலையில் 10, சும்மா இருப்பது 0, காத்திருப்பது 143.

இதைப் பார்த்ததும் கை நேராக கான்ஃபிக் ஃபைலுக்குத்தான் போகும். 10ஐ 50 ஆக்கு, டெப்ளாய் பண்ணு. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சில நேரம் அது வேலை செய்யும் என்பதுதான் சிக்கலே. வேலை செய்ததால் அதுவே பழக்கமாகிவிடும்.

உண்மையில் நம் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பூலைப் பெரிதாக்கலாம். டேட்டாபேஸ் ஏற்கும் கனெக்ஷன் உச்சவரம்பை ஏற்றலாம். நடுவில் பிஜிபவுன்சர் வைக்கலாம், அதாவது பலருடைய கனெக்ஷன்களைச் சிலவற்றுக்குள் அடக்கும் இடைத்தரகு நிரல். நிரலைத் திருத்தி, ஒவ்வொரு கனெக்ஷனும் பிடித்து வைக்கப்படும் நேரத்தைக் குறைக்கலாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஜாவா, ஹிகாரி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கூட்டணியை. எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். மற்றவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், ஆரம்ப எண்கள்தான் வேறு. எஸ்கியூஎல் ஆல்கெமியில் 5, நெருக்கடிக்கு இன்னும் 10. நோட் ஜேஎஸ்ஸின் போஸ்ட்கிரெஸ் பூலில் 10. கோ மொழியில் வரம்பே கிடையாது, நாமாகக் கட்டிவைக்காவிட்டால் அது பாட்டுக்குத் திறந்துகொண்டே போகும்.

முதலில் எதைப் பார்ப்பது என்று பேசிவிடலாம், ஏனென்றால் முடிவு அங்கேதான் இருக்கிறது.

ஸ்பிரிங்கின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டர் இருந்தால் ஹிகாரியின் அளவீடுகள் மைக்ரோமீட்டர் என்ற நூலகம் வழியாகத் தானாகவே வந்துவிடும். பெரும்பாலான டேஷ்போர்டுகளில் ஆக்டிவ் (வேலையில்), ஐடில் (சும்மா), பென்டிங் (காத்திருப்பது) மூன்றையும் கோடு கோடாகப் போட்டுவைத்திருப்பார்கள். அழகாக இருக்கும், ஆனால் போதாது. பென்டிங் என்பது அந்தக் கணத்தின் நிலை. 15 நொடிக்கு ஒருமுறை, அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ் வந்து எட்டிப்பார்க்கிறது என்றால், நடுவில் 3 நொடி வரிசை கட்டிக் கலைந்தது அதற்குத் தெரியாது. அக்வயர், யூசேஜ் என்று இரண்டு டைமர்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். அக்வயர் என்பது கனெக்ஷன் கேட்டதிலிருந்து கைக்கு வரும்வரை ஆன நேரம். யூசேஜ் என்பது வாங்கியதிலிருந்து திருப்பிக் கொடுக்கும்வரை ஆன நேரம். டைமர்கள் ஒவ்வொரு நிகழ்வையும் கூட்டிக்கொண்டே போவதால் எதுவும் தப்பாது. சராசரியைப் பார்க்காமல் 95 அல்லது 99 பெர்சென்டைலை, அதாவது நூற்றில் 95 அல்லது 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சராசரி எல்லாவற்றையும் மழுப்பிவிடும்.

இந்த யூசேஜைக் கையில் வைத்துக்கொண்டால் மீதி வெறும் பெருக்கல்தான். நொடிக்கு 60 கோரிக்கை வருகிறது, ஒவ்வொன்றும் கனெக்ஷனை 20 மில்லிநொடி பிடித்துவைக்கிறது என்றால், சராசரியாக ஒரு நேரத்தில் 1.2 கனெக்ஷன்தான் வேலையில் இருக்கும். ஆம், ஒன்றே கால் கூட இல்லை. அதே 60 கோரிக்கையும் ஒவ்வொன்றும் 350 மில்லிநொடி பிடித்துவைத்தால் 21 வேண்டும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. அலை அலையாகக் கோரிக்கை வரும் என்பதால் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும், அவ்வளவுதான். பூல் 10 என்பது சின்ன எண் என்று நினைப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பூல் பக்கம் பார்த்த கையோடு டேட்டாபேஸ் பக்கமும் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வியூவை ஸ்டேட் வாரியாக எண்ணிப் பார்த்தால் போதும். பூல் 10ம் வேலையில் இருக்கிறது என்று ஹிகாரி சொல்லும்போது, போஸ்ட்கிரெஸ் என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவும் ஆக்டிவ் என்று சொன்னால், குவெரி உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஐடில் இன் டிரான்சாக்ஷன் என்றால், டிரான்சாக்ஷனை (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பை) திறந்துவிட்டு நம் நிரல் வேறு ஏதோ வேலை பார்க்கிறது. வெறும் ஐடில் என்று வந்தால் இன்னும் வேடிக்கை: டேட்டாபேஸைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது, ஆனால் நம் அப்ளிகேஷன் கனெக்ஷனைத் திருப்பித் தரவில்லை. ஸ்பிரிங்கில் இதற்கு வழக்கமான குற்றவாளி ஓபன் இன் வியூ என்ற அமைப்பு. ஆரம்ப மதிப்பே ட்ரூ. கோரிக்கை முடிந்து பதில் போகும்வரை கனெக்ஷன் கையிலேயே இருக்கும். ஸ்டார்ட் ஆகும்போதே ஒரு எச்சரிக்கை வரி வரும். அதை யாரும் படிப்பதில்லை.

மின்கட்டணக் கவுன்டரில் நம் முறை வந்ததும் பணத்தைக் கட்டாமல், வீட்டுக்குப் போன் போட்டு சர்வீஸ் நம்பர் கேட்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐடில் இன் டிரான்சாக்ஷன் அவர்தான். அதற்காக இன்னொரு கவுன்டர் திறப்பது ஒரு வழி.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு கட்டணம் கட்டும் சேவையில். கடைசித் தேதி, மாலை நேரம். நான்கு பாட் (சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் ஓடும் நம் சேவையின் பிரதிகள்), ஒவ்வொன்றிலும் பூல் 10. பணம் கட்டுவோர் மொத்தம் நொடிக்குச் சுமார் 8 பேர், அதாவது ஒரு பாட்டுக்கு 2. ஒவ்வொரு கட்டணமும் வழக்கமாக 0.4 நொடியில் முடியும். 2ஐ 0.4ஆல் பெருக்கினால் 0.8. பத்தில் ஒன்று கூட நிரம்பாது. அன்றைக்குப் பணம் வாங்கும் கேட்வே மந்தமாகி, பதில் சொல்ல 6 நொடி எடுத்துக்கொண்டது. 2ஐ 6ஆல் பெருக்கினால் 12. பூலில் இருப்பது 10.

12க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வரிசை அப்படி யோசிக்காது. வரவு செலவைத் தாண்டினால் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான டாம்கேட்டில் 200 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஆரம்ப வரம்பு. சில நிமிடங்களில் அத்தனையும் பூல் வாசலில் நின்றன. கட்டணத்துக்குச் சம்பந்தமே இல்லாத, ரசீது பார்க்க வந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இன்னொரு கூத்து: பாட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் லைவ்னெஸ் சோதனை டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கும்படி வைத்திருந்தோம். அதற்கும் கனெக்ஷன் கிடைக்கவில்லை. குபர்னெட்டிஸ், பாட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்ய ஆரம்பித்தது. மீதி இருந்த பாட்களின் தலையில் கூடுதல் பாரம்.

அந்த நேரத்தில் டேட்டாபேஸ் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருந்தது. சிபியு ஒற்றை இலக்கத்தில். கனெக்ஷன்கள் ஏறக்குறைய எல்லாமே ஐடில் இன் டிரான்சாக்ஷன். பூலை 20 ஆக்கினோம். மூச்சு வந்தது. அரை மணி நேரத்தில் கேட்வே 15 நொடிக்குப் போனது, அதாவது 30 கனெக்ஷன் தேவை. மறுபடியும் அதே வரி. கேட்வே எவ்வளவு மந்தமாகும் என்பது நம் கையில் இல்லை என்னும்போது, அதைத் துரத்திக்கொண்டு பூலைப் பெரிதாக்குவதற்கு முடிவே கிடையாது.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பூலைக் கூட்டுவது நியாயமாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. அக்வயர் நேரம் அதிகம், யூசேஜ் நேரம் குறைவு, டேட்டாபேஸில் சிபியு, டிஸ்க் இரண்டும் ஓய்வாக இருக்கின்றன. அப்போது உண்மையிலேயே வாசல்தான் குறுகல். 10ஐ 15 ஆக்குங்கள், 50 வேண்டாம். ஆக்கிய பிறகு யூசேஜைத் திரும்பப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிட நேர்மையான சோதனை இல்லை. யூசேஜ் அப்படியே இருந்து அக்வயர் இறங்கினால், செய்தது சரி. அக்வயர் இறங்கி யூசேஜ் ஏறினால், பூலில் நின்ற வரிசையை டேட்டாபேஸுக்குள் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். பயனருக்கு ஒரு மில்லிநொடியும் மிச்சமில்லை, உள்ளே நெரிசல்தான் கூடியிருக்கிறது.

எண்ணைக் கூட்டும்போது பெரும்பாலோர் மறக்கும் கணக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸ்ஸில் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் ஆரம்பத்தில் 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. நமக்கு 97. நான்கு பாட், தலைக்கு 20 என்றால் 80, இடம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் டெப்ளாய் நடக்கும்போது பழைய பாட் சாவதற்குள் புதியது எழுந்துவிடும். குபர்னெட்டிஸ் தானாக 25 சதவீதம் கூடுதலாக எழுப்பலாம் என்று வைத்திருக்கிறது. நான்கு ஐந்தாகும், 80 நூறாகும். ஹிகாரி, நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, தன் உச்ச அளவை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, எல்லா நாளும் நன்றாக ஓடி, டெப்ளாய் செய்யும் பத்து நிமிடம் மட்டும் டேட்டாபேஸ் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தும். மன்னிப்பு என்பது சும்மா சொல்வதல்ல, போஸ்ட்கிரெஸ்ஸின் பிழைச் செய்தியிலேயே சாரி என்ற சொல் இருக்கிறது.

அப்படியானால் அந்த 100ஐ 500 ஆக்கிவிடலாமே? இதுதான் இரண்டாவது வழி, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. ரீஸ்டார்ட் இல்லாமல் மாற்ற முடியாது என்பது சின்னக் குறை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு தனி பிராசஸை எழுப்புகிறது. சும்மா இருக்கும் கனெக்ஷன்களின் பாரம் 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து நன்றாகக் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 500 பேரும் ஒரே நேரத்தில் வேலை கேட்டால் 8 கோர் இயந்திரம் என்ன செய்யும்? ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எல்லோரையும் தாமதமாக்கும். வொர்க் மெம் என்ற நினைவக அமைப்பின் 4 எம்பி என்பது கனெக்ஷனுக்கு ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு குவெரிக்குள் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும், ஒவ்வொரு ஹேஷுக்கும் தனித்தனி. அதை யாராவது 64 ஆக்கிவைத்திருந்தால், 500 கனெக்ஷன் என்பது நினைவகத்தோடு ஆடும் சூதாட்டம்.

ஹிகாரியின் விக்கியில் பூல் அளவு பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஆட்களிடமிருந்து எடுத்த சூத்திரம் அதில் வரும்: கோர் எண்ணிக்கையின் இருமடங்கு, கூட டிஸ்க் எண்ணிக்கை. 8 கோருக்கு 17 பக்கம் வரும். எஸ்எஸ்டி காலத்தில் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கமே ஆரக்கிள் குழுவின் செயல்விளக்கம் ஒன்றையும் காட்டுகிறது. வேறு எதையும் தொடாமல் பூலை 2048இலிருந்து 96 ஆகக் குறைத்ததில், பதில் நேரம் சுமார் 100 மில்லிநொடியிலிருந்து 2 மில்லிநொடிக்கு இறங்கியதாம். கூட்டுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, குறைப்பதற்கு மட்டும் எல்லோரும் பயப்படுகிறோம்.

மூன்றாவது, பிஜிபவுன்சர். 6432 போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் ஆயிரம் பேரை வாங்கி, அந்தப் பக்கம் 20 கனெக்ஷனில் வேலையை முடிக்கும். சின்ன நிரல், நன்றாக ஓடும். ஆனால் அதன் ஆரம்ப முறை செஷன். செஷன் முறையில், வந்தவர் போகும்வரை ஒரு கனெக்ஷன் அவருக்கே சொந்தம். ஹிகாரி மாதிரி நாள் முழுக்கக் கனெக்ஷனை மூடாமல் வைத்திருக்கும் பூலுக்கு முன்னால் செஷன் முறையில் பவுன்சரை வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. டிரான்சாக்ஷன் முறைக்கு மாற்றினால்தான் பலன், மாற்றினால் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். செட் என்று கொடுத்த அமைப்புகள் அடுத்த டிரான்சாக்ஷனில் வேறொருவர் தலையில் விழும். அறிவிப்புக்குக் காத்திருக்கும் லிசன், செஷன் அளவிலான அட்வைசரி லாக் (நிரலே கேட்டு வாங்கும் பூட்டு) இரண்டும் வேலைக்கு ஆகாது. டெம்ப் டேபிளை ஒரு டிரான்சாக்ஷனைத் தாண்டி நம்ப முடியாது. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்துவைத்த குவெரி) பல வருடங்களாகத் தலைவலியாக இருந்தது. 2023இல் வந்த 1.21ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வழி உண்டு, ஆனால் மேக்ஸ் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ஸ் என்ற அமைப்பு பூஜ்ஜியமாக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கீமா மாற்றும் வேலைகளை நான் பவுன்சர் வழியாக விடுவதே இல்லை, நேராகப் போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட்.

கண்காணிப்பும் இடம் மாறும், இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. இப்போது இரண்டு வரிசைகள். ஹிகாரியின் வரிசை ஒன்று, பவுன்சருக்குள் ஒன்று. பவுன்சர், பின்னால் காலியிடம் இல்லாவிட்டாலும் முன்னால் வருபவரை உள்ளே விட்டுவிடும். அதனால் ஹிகாரி தரப்பில் கனெக்ஷன் உடனே கிடைத்த மாதிரி இருக்கும், அக்வயர் அழகாகத் தெரியும். காத்திருப்பு முதல் குவெரிக்குப் போய்விடும், யூசேஜ் வீங்கும். ஹிகாரியின் 30 நொடி வரம்பு இங்கே காப்பாற்றாது. பவுன்சரின் குவெரி வெயிட் டைம்அவுட் ஆரம்பத்தில் 120 நொடி. இரண்டு நிமிடம் பயனர் உருளும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷோ பூல்ஸ் கொடுத்து சிஎல் வெயிட்டிங் (எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்), மேக்ஸ் வெயிட் (அதிகபட்சம் எவ்வளவு நேரம்) இரண்டையும் டேஷ்போர்டுக்குக் கொண்டுவராமல் பவுன்சரை புரொடக்ஷனில் வைக்காதீர்கள்.

எப்போது வைக்கலாம்? ஒவ்வொரு பூலும் சிறிதாக இருந்தும், பூல்களின் எண்ணிக்கை பெருகும்போது. நாற்பது பாட், தலைக்கு 5 என்றாலே 200. பிஹெச்பியில் வொர்க்கர்கள் தங்களுக்குள் பூலைப் பகிர்ந்துகொள்ள முடியாது, அங்கே பவுன்சர் கிட்டத்தட்டக் கட்டாயம். பைத்தானின் ஜாங்கோ வெகுகாலம் அதே நிலையில்தான் இருந்தது, 2024இல் 5.1 பதிப்பில்தான் போஸ்ட்கிரெஸ்ஸுக்குச் சொந்தப் பூல் வந்தது. அமேசானின் லாம்டா மாதிரி நினைத்த நேரத்தில் நூறாகப் பெருகும் சேவைகளுக்கும் இப்படி ஒரு இடைத்தரகர் வேண்டும். ஆனால் எங்கள் கட்டண மாலையில் பவுன்சர் இருந்திருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்வரை பவுன்சராலும் கனெக்ஷனைப் பிடுங்க முடியாது.

நான்காவது வழிக்குத்தான் நாங்கள் போனோம். ஹிகாரியின் லீக் டிடெக்ஷனை 10 நொடியில் வைத்தோம் (ஆரம்பத்தில் அது அணைந்தே இருக்கும், 2 நொடிக்குக் கீழே வைக்க முடியாது). கனெக்ஷனை அதற்கு மேல் பிடித்துவைத்தால், எந்த இடத்தில் வாங்கியது என்று ஸ்டாக் டிரேஸை லாக்கில் கொட்டும். லீக் என்று பெயர், உண்மையான லீக்காக இருக்க வேண்டும் என்றில்லை. மறுமுறை கேட்வே மந்தமானபோது, கொட்டியதெல்லாம் ஒரே மெத்தடைக் காட்டியது. டிரான்சாக்ஷன் திறப்பு, ரசீது வரியைப் பூட்டும் செலக்ட் ஃபார் அப்டேட், கேட்வேக்கு எச்டிடிபி அழைப்பு, பிறகு அப்டேட், கமிட். காத்திருந்த நேரமெல்லாம் அந்த நடு வரியில்.

அதை இரண்டாக உடைத்தோம். முதல் டிரான்சாக்ஷனில் தொடங்கியது என்று ஒரு வரி எழுதி கமிட். பிறகு கையில் கனெக்ஷன் இல்லாமல் கேட்வே அழைப்பு. பதில் வந்ததும் இரண்டாவது டிரான்சாக்ஷன். கேட்க எளிது. ஆனால் பூட்டு போய்விட்டதால் ஒரே ரசீதுக்கு இரண்டு முறை பணம் போகாமல் தடுக்க யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வைக்க வேண்டியிருந்தது. கேட்வேயில் பணம் போய், நம் பாட் அதற்குள் செத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, தொடங்கியது என்றே நிற்கும் வரிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்வேயிடம் விசாரிக்கும் வேலை ஒன்று எழுத வேண்டியிருந்தது. கான்ஃபிக்கில் ஒரு எண்ணை மாற்றுவது ஐந்து நிமிடம். இதற்கு எங்களுக்கு இரண்டு வாரம். இந்த விலையைச் சொல்லாமல் நிரலைத் திருத்துங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனால் பலனும் அந்த அளவுக்கு இருந்தது: யூசேஜ் 0.4 நொடியிலிருந்து 15 மில்லிநொடிக்கு வந்தது. கேட்வே இப்போது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் பூலுக்கு அது தெரியாது.

டேட்டாபேஸில் எல்லாமே ஆக்டிவாக இருந்து யூசேஜும் நீளமாக இருந்தால் கதை வேறு. அங்கே குவெரி மெதுவாக ஓடுகிறது அல்லது பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியின் வெயிட் ஈவென்ட் டைப் பத்தியில் லாக் என்று இருக்கிறதா, ஐஓ என்று இருக்கிறதா என்று பார்த்து அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த நிலையில் பூலைக் கூட்டினால் எரிகிற வீட்டில் எண்ணெய்.

எந்த வழியானாலும் கனெக்ஷன் டைம்அவுட்டை 30 நொடியிலேயே விட்டுவைக்காதீர்கள். 30 நொடி எந்தப் பயனரும் காத்திருக்க மாட்டார். ரீஃப்ரெஷ் அடிப்பார், வரிசையில் அவருக்கே இரண்டு இடம். நான் 3 நொடி வைக்கிறேன். ஜாவா 21இன் வர்ச்சுவல் த்ரெட்டுக்கு (ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலேசான த்ரெட்) மாறியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 200 த்ரெட் என்ற வெளிவாசல் அங்கே இல்லை, பூல் மட்டும்தான் வாசல், அதன் முன்னால் எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இப்போது எங்களிடம் பூல் 12, ஓபன் இன் வியூ அணைப்பு, ஐடில் இன் டிரான்சாக்ஷன் டைம்அவுட் 20 நொடி. லைவ்னெஸ் சோதனை டேட்டாபேஸைத் தொடுவதில்லை. ரிப்போர்ட் எடுப்பவர்களுக்கும் பேட்ச் வேலைக்கும் தனித்தனி யூசர், தலைக்கு 5 கனெக்ஷன் வரம்பு. டெப்ளாய் நேரத்தில் ஐந்து பாட் என்றாலும் 60, கூட 10, ஆக 70. அடுத்த மாதம் இன்னும் இரண்டு சேவைகள் இதே டேட்டாபேஸுக்கு வருகின்றன, ஒவ்வொன்றும் மூன்று பாட், பூல் 10. டெப்ளாயையும் சேர்த்தால் 150. 97 தாண்டிவிட்டது. பவுன்சருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், டிரான்சாக்ஷன் முறையில். அதற்கு முன்னால் நிரலில் செட், லிசன் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஏழு இடம்.